மறைத்த காதல், மறைந்த கொலையாளி: மூன்று ஸ்காண்டிநேவியத் தொடர்கள்

நார்வேயில் ஆணும் ஆணும் உறவுகொள்வது 1972-க்குப் பிறகு குற்றமில்லை. 1993-ல் அப்படிப்பட்ட இணையர் பதிவு செய்துகொள்ளும் உரிமை வந்தது. 2009-ல் திருமண உரிமையே வந்துவிட்டது. ஸ்வீடனில் சட்டம் 1944-லேயே மாறிவிட்டது. அப்படி இருந்தும், அங்கிருந்து வந்து என்னை உலுக்கிய மூன்று குற்றத் தொடர்களிலும் ஆணைக் காதலிக்கும் நாயகன் அதை யாரிடமிருந்தோ மறைத்துக்கொண்டிருக்கிறான். சட்டம் விட்டுவிட்டது, ஊரும் வீடும் இன்னும் விடவில்லை. கொலையாளி மறைக்கிறான், காவலர் தோண்டுகிறார் என்பதுதான் துப்பறியும் கதையின் அடிப்படை. தோண்டுகிறவரிடமோ சாட்சியிடமோ ஒரு ரகசியம் இருந்துவிட்டால் கதை இரண்டு பக்கமும் கூராகிவிடுகிறது.

மூன்றில் முதலில் வந்தது 'ஓயவிட்னெ'. கண்ணால் கண்ட சாட்சி என்று பொருள். 2014-ல் நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. ஒளிபரப்பியது, மொத்தம் ஆறே பகுதிகள். பிலிப், ஹென்னிங் என்று இரண்டு பதின்வயதுப் பையன்கள். யாருக்கும் தெரியாமல் சந்தித்துக்கொள்ளும் இடத்தில் பல பேர் ஒன்றாகக் கொல்லப்படுவதைப் பார்த்துவிடுகிறார்கள். போலீஸிடம் போனால், 'அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்ன செய்தீர்கள்?' என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தே வாயைத் திறக்க மறுக்கிறார்கள். வழக்கை விசாரிக்கும் அதிகாரி ஹெலன்தான் பிலிப்பின் வளர்ப்புத் தாய். அவர் ஊரெல்லாம் தேடும் சாட்சி அவர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறான். காதலை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் ஒன்றுமே மிஞ்சாது. அலங்காரத்துக்காகச் சேர்த்த பாத்திரமில்லை, கதையின் முடிச்சே அதுதான். ஹெலனாக நடித்த ஆன்னெகெ ஃபொன் டெர் லிப்பெ 2015-ல் சர்வதேச எம்மி விருது வாங்கினார். அதிகாரியாகக் கேள்வி கேட்பதா, அம்மாவாகக் காத்திருப்பதா என்று அவர் தடுமாறுவதைப் பார்த்தால் அந்த விருது ஏன் என்று புரியும்.

'கிரென்ஸெலாண்ட்' 2017-ல் வந்தது. வெளிநாட்டில் 'பார்டர்லைனர்' என்ற பெயரில் தெரியும். எட்டுப் பகுதிகள். இங்கே ரகசியம் புலனாய்வாளரிடமே இருக்கிறது. ஆஸ்லோ காவல்துறையைச் சேர்ந்த நிக்கோலாய் சொந்த ஊருக்கு, ஸ்வீடன் எல்லையோரக் காட்டுப் பகுதிக்கு, வருகிறான். தற்கொலை போலத் தெரியும் ஒரு மரணம் கொலை என்று கண்டுபிடிக்கிறான். அப்புறம்தான் அதில் தன் உடன்பிறந்தவன் லார்ஸும் சிக்கியிருப்பது தெரிகிறது. நிக்கோலாய் தன் காதல் வாழ்க்கையைக் குடும்பத்திடம் சொல்லாதவன். பல வருடம் தன்னைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகியவனுக்கு இன்னொருவனுக்காகப் பொய் சொல்வது எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது! தொடரில் எனக்குப் பிடித்தது இந்த உளவியல்தான். தோபியாஸ் சான்டெல்மன் அதை முகத்தில் அதிகம் காட்டாமலே நடித்திருக்கிறார். ஆனால் பாதிக்கு மேல் தடயத்தை அழிப்பதும் மாட்டாமல் தப்புவதுமே முன்னுக்கு வந்து, காதல் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அது எனக்குக் குறைதான்.

ஸ்வீடனும் பிரான்சும் சேர்ந்து எடுத்த 'மிட்நாட்ஸோல்', 2016. இடம் வட ஸ்வீடனின் கிருனா. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறையாது. அடியில் இரும்புச் சுரங்கம் விரிவதால் நகரத்தையே பெயர்த்து வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு அதிகாரி கஹினாவுடன் சேர்ந்து விசாரிக்கும் ஆண்டர்ஸ் ஹார்னெஸ்க் பாதி சாமி (வட ஸ்காண்டிநேவியாவின் பூர்வகுடி) இனத்தவர், தன்பாலீர்ப்பாளர். சாமிகளுக்கு முழுச் சொந்தமில்லை, ஸ்வீடன்காரர்களுக்கும் இல்லை, ஆண் உலகத்துக்கும் இல்லை என்று மூன்று வேலிகளுக்கு நடுவே நிற்கும் மனிதர். இருட்டே வராத ஊரில் ஒருவர் எங்கே போய் ஒளிவது? இந்த ஒரு படிமத்துக்காகவே தொடரைப் பார்க்கலாம். பிரம்மாண்டமும் இதில்தான் அதிகம். கொலைகள் மட்டும் போகப்போக மிகையாகி, ஹார்னெஸ்கின் மென்மையான காட்சிகளை அமுக்கிவிடுகின்றன.

சிலர் இந்த வரிசையில் 2015-ல் வந்த ஸ்வீடன் தொடர் 'மோடுஸை'யும் சேர்ப்பார்கள். அதன் முதல் பருவம் தன்பாலீர்ப்பாளர்களைக் குறிவைக்கும் வெறுப்புக் கொலைகளைப் பற்றியது. எனக்கு அதைச் சேர்க்க மனம் வரவில்லை. அதில் அவர்கள் பெரும்பாலும் சாகிறவர்களாகவே வருகிறார்கள். கதையைக் கையில் பிடித்து நடத்துவது வேறு ஆட்கள். மூல நாவலை எழுதிய ஆன்னெ ஹோல்ட், நார்வேயின் நீதி அமைச்சராகக்கூட இருந்தவர், 1993-லேயே பெண்ணைக் காதலிக்கும் துப்பறிவாளர் ஹன்னெ வில்ஹெல்ம்சனைப் படைத்துவிட்டார் என்பதால் இந்த ஏமாற்றம் கூடுதலாகிறது. அந்த நாவல்களில் ஹன்னெதான் மையம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நிலமும் ஒளியும் வேண்டுமென்றால் 'மிட்நாட்ஸோல்'. அண்ணன் தம்பி, குடும்பம், குற்றவுணர்வு என்றால் 'கிரென்ஸெலாண்ட்'. என்னைக் கேட்டால் யோசிக்காமல் 'ஓயவிட்னெ'தான். 2016-ல் அமெரிக்காவிலும் ருமேனியாவிலும் இதை மறுபடி எடுத்தார்கள். அமெரிக்கர்கள் பத்துப் பகுதிகளாக நீட்டினார்கள். வசன வரிகளைப் படிக்கும் சிரமத்தைப் பார்க்காமல் நார்வே மொழியிலேயே பாருங்கள். அந்தப் பையன்கள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம். அதற்கு ஆறு பகுதிகள் போதும்.