கொரங்காட்டுக்குப் புல் விதை வாங்குகிறவர்கள் படிக்கவும்: 23,600 ரூபாய் போச்சு

மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 'மேய்ச்சல் விதைக் கலவை' என்று போனில் விளம்பரம் காட்டி விற்கும் ஒரு ஆன்லைன் விதைக் கடை, எங்களிடம் 23,600 ரூபாயைச் சுருட்டிவிட்டது. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை.

நாலு ஏக்கர் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் சொட்டை சொட்டையாகப் போய்விட்டது. புரட்டாசி மழைக்கு முன் விதைத்துவிட்டால் தைக்கு மேல் மாட்டை உள்ளே விடலாம் என்பது கணக்கு.

போனில் பேசியவர் எடுத்தவுடன் விலை பேசவில்லை. "செம்மண்ணுங்களா, சுக்கான் கல்லுங்களா? வேலி கிளுவைங்களா?" என்று விசாரித்தார். "புல்லு மட்டும் போட்டா சத்து பத்தாதுங்க. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் வேணுமுங்க" என்றார். முயல் மசால் என்பது பயறு வகைத் தீவனச் செடி. அது சரியான பேச்சுதான், கால்நடை டாக்டரும் அப்படித்தான் சொல்வார். அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. அப்புறம் மெதுவாக, "வெளிநாட்டுக் குளோவரும் சேர்த்துத் தர்றேனுங்க, பால் கூடும்" என்றார். கிலோ 1,180 வீதம் 20 கிலோ, 23,600 ரூபாய். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

வந்தது கையால் தைத்த வெள்ளைச் சாக்கு. அட்டை இல்லை, பில் இல்லை. கேட்டால் "நாட்டு விதைக்கு அட்டை கிடையாதுங்க" என்று பதில்.

மழை நன்றாகவே பெய்தது. முளைத்தது பார்த்தீனியமும் கோரையும்தான். குளோவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று இலை விட்டு, வெயில் திரும்பியதும் கருகிவிட்டது. ஊட்டிக் குளிரில் வளர்கிற செடியை மூலனூர் மானாவாரிக் காட்டுக்கு விற்றிருக்கிறார்கள்! சாக்கில் மிச்சமிருந்த கொழுக்கட்டை விதையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினேன். சுணை பறந்தது, கையில் எதுவும் நிற்கவில்லை. நல்ல விதையென்றால் உள்ளே சின்ன மணி தங்கும். இதில் பத்துக்கு ஒன்றில்கூட இல்லை. வெறும் பதருக்கு 23,600 ரூபாய்.

போன் செய்தால் முதலில், "கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டுங்க, பொறுங்க." உண்மைதான், புதிதாக அறுத்த விதை ஆறு முதல் எட்டு மாதம் உறங்கும். ஆனால் போன வருசத்து விதை என்று சத்தியம் செய்து விற்றவரும் அவர்தானே? அடுத்த முறை, "மழை அதிகமாயிடுச்சுங்க." அதற்கடுத்து, "எறும்பு தூக்கியிருக்கும்." பிறகு ஆபீஸ் என்று வேறு ஒரு நம்பர். அங்கே ஒரு அம்மா ஆர்டர் எண் கேட்பார், சொன்னதும் லைன் கட்டாகும். கடைசியில் வாட்ஸ்அப்பில் பிளாக். உழவுக் கூலி தனி, இந்தப் பருவமும் போச்சு. இப்போது மாட்டுக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போடுகிறோம்.

எந்தப் புல், எவ்வளவு விதை என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். முளைப்புத் திறனும் பரிசோதித்த தேதியும் போட்ட அட்டை இல்லாத சாக்கைத் தொடாதீர்கள். அரசு சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, விற்பவரே தரத்தை எழுதிக் கொடுக்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை இருக்கும். தீவன விதையும் 1966 விதைச் சட்டத்துக்குள் வரும், அட்டை கிடையாது என்பது பொய். கோவை வேளாண் பல்கலைக்கழகத் தீவனப் பயிர்கள் துறையில் முதலில் விசாரியுங்கள். முயல் மசால் விதையை 80 டிகிரி சுடுதண்ணீரில் நாலு நிமிடம் போட்டு எடுக்காமல் விதைக்காதீர்கள். சமவெளிக் காட்டுக்குக் குளோவர் என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. விதை ஆய்வாளருக்கு எழுதிக் கொடுங்கள். சாக்கில் ஒரு கைப்பிடி விதையாவது மிச்சம் வையுங்கள், பரிசோதனைக்குக் கேட்பார்கள்.