மீட்டரை நாங்களே படிக்கத் தொடங்கிய பிறகு

2023 ஜூனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 512 யூனிட், 2,046 ரூபாய் என்று மின்சார பில் வந்தது. 500-இல் நின்றிருந்தால் 1,725 தான். கடைசி 12 யூனிட்டுக்கு 321 ரூபாயா? உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்போது முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை பாதி விலை, யூனிட்டுக்கு 2.25 ரூபாய். இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலை போய்விடும், அதையும் 4.50 வீதம் கட்ட வேண்டியிருந்தது. அதில் 225 ரூபாய், தாண்டிய 12 யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் 96.

அன்று முதல் ஞாயிறுதோறும் மீட்டரில் ஓடும் எண்ணை அம்மா காலண்டரில் எழுதி வைக்கிறார். இத்தனை நாளில் எனக்கு மிகவும் உதவியது இந்தப் பழக்கம்தான். ரீடிங் எடுத்து இருபது நாளில் 170 யூனிட்டைத் தாண்டினால் இந்த முறை 500 நிற்காது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் மீட்டரில் மின்னும் அந்தச் சிவப்பு விளக்கு. எங்கள் மீட்டரில் 3200 இம்ப் என்று அச்சிட்டிருக்கிறது. விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். 1125-ஐ இரண்டு மின்னலுக்கு இடையே உள்ள விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்ஸ் கிடைக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 45 விநாடிக்கு ஒரு முறை மின்னியது. 25 வாட்ஸ்! அணைக்க நினைக்காமல் விட்ட செட்டாப் பாக்ஸ், ரூட்டர், இன்வெர்ட்டர் சார்ஜிங்தான் காரணம். சின்னதாகத் தெரியும், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இப்போது செட்டாப் பாக்ஸை இரவில் சுவிட்சிலேயே நிறுத்திவிடுகிறோம்.

பழைய 75 வாட்ஸ் ஃபேன் இரண்டை மாற்றி 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) போட்டோம். தினம் 12 மணி நேரம் ஓடுவதால் இரண்டிலும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் அளவுக்கு மிச்சம். ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கீசர் வேறு விஷயம்: 2,000 வாட்ஸ், தினம் அரை மணி என்றாலே இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். அணைக்க மறப்பதுதான் அங்கே பிரச்சினை.

2024 ஜூலையில் யூனிட் விலை கூடியது, ஆனால் 500-ஐத் தாண்டினால் பாதி விலை போகும் அந்த விதி அப்போது மாறவில்லை. உங்கள் மீட்டரில் 1600 அல்லது 6400 என்று போட்டிருக்கலாம், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.