பள்ளிப் பாதுகாப்புத் திட்டச் சேவை: ஓராண்டு எடுத்துப் பார்த்த அனுபவம்

பள்ளிப் பாதுகாப்புத் திட்டம் போட்டுத் தரும் நிறுவனத்தார் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "பின்படிக்கட்டு கேட் சாவி யாருகிட்ட இருக்கு?" என்பதுதான்.

எங்கள் பள்ளிக் கட்டடத்தில் இரண்டு படிக்கட்டுகள். தினமும் ஏறி இறங்குவது முன்படிக்கட்டில். பின்படிக்கட்டின் அடியில் ஒரு கிரில் கேட், அதில் ஒரு பூட்டு. வெளியாள் நுழைந்துவிடக் கூடாது என்று என்றோ போட்டது. சாவி அலுவலகத்தில் ஒரு பெரிய வளையத்தில் மற்ற சாவிகளோடு கிடந்தது. மொத்தம் 43 சாவிகள், ஒன்றிலும் பெயர்ச்சீட்டு இல்லை. வந்தவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அலுவலக உதவியாளர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் சரியான சாவி கிடைத்தும் துருப்பிடித்த பூட்டு திறக்காமல், எண்ணெய் விட்டு ஆட்டித் திறந்து முடிக்க 6 நிமிடம் ஆனது. "இந்தப் பக்கமா எத்தனை பிள்ளைங்க இறங்கணும் டீச்சர்?" என்று கேட்டார். சுமார் 280 பேர் என்றேன். சொல்லும்போதே வயிற்றைப் பிசைந்தது.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. 17 வருடமாக இதே பள்ளி. போன கல்வியாண்டில் பாதுகாப்புக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த ஆண்டு நிர்வாகம் இந்தச் சேவையை எடுத்ததால், தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து பார்த்தேன். ஒப்பந்தப்படி அவர்கள் செய்ய வேண்டியவை: கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதித் தருவது, எங்கள் பள்ளிக்கென்று ஓர் அவசரகாலத் திட்டம், ஆசிரியர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் இரண்டு நாள் பயிற்சி, பிறகு மூன்று ஒத்திகைகள். குறைகளும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இப்படி ஒரு சேவையை எடுக்க யோசிக்கும் பள்ளிக்கு எது கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கட்டடத்தைச் சுற்றி வந்த அந்த ஒரு நாளுக்கே கொடுத்த கட்டணம் தகும். எங்களிடம் 14 தீயணைப்பு சிலிண்டர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் முள் பச்சையில் நின்றது, ஆண்டுச் சோதனைச் சீட்டும் ஒட்டியிருந்தது. எங்கள் மனதில் அந்த வேலை முடிந்துபோன ஒன்று. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பயிற்சியாளர், வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, இதக் கொஞ்சம் கழட்டி எடுங்க" என்றார். அவர் எக்கிப் பார்த்தும் கை எட்டவில்லை. பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதே என்று உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கேயே நின்று பயிற்சியாளர் சிகாகோவில் நடந்ததைச் சொன்னார். 1958 டிசம்பர் 1 அன்று அங்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் பிடித்த தீயில் 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. அங்கேயும் சிலிண்டர்கள் 7 அடி உயரத்தில்தான் மாட்டப்பட்டிருந்தன. மாடியில் படிக்கட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே கதவு இல்லாததால் புகையும் சூடும் நேராக மேலே ஏறின. சோதனைச் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சீட்டுக்குக் கீழே நின்று இதைக் கேட்டபோது வேறு விளக்கமே தேவைப்படவில்லை. அந்த வாரமே 14 சிலிண்டர்களையும் இறக்கி மாட்டினோம்.

பயிற்சி இரண்டு நாளில் முதல் நாள் மைதானத்தில். ஊசியை இழு, முனையைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடி, பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு என்று சொல்லிக் கொடுத்து ஒவ்வொருவரையும் ஒரு முறை அடிக்க வைத்தார்கள். சின்ன சிலிண்டர் எவ்வளவு சீக்கிரம் காலியாகிவிடுகிறது என்பது கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. தீ உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டால் சிலிண்டரைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, கடைசியாக வெளியே வருபவர் கதவைச் சாத்திவிட்டு வருவது, புகை இருந்தால் குனிந்து தவழ்ந்து போவது, இவை எல்லாம் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டன. இரண்டாம் நாள் ஹாலில் உட்கார வைத்துப் படம் போட்டுப் பேசினார்கள். அதில் பாதியைக் குறைத்திருக்கலாம்.

அப்புறம் திட்டக் கோப்பு வந்தது. 146 பக்கம். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஓர் இடத்தில் வேறொரு பள்ளியின் பெயர் அப்படியே கிடந்தது. "மாணவர்கள் அருகிலுள்ள பொருத்தமான திறந்தவெளிக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள்" என்று எழுதியிருந்தது. எந்தத் திறந்தவெளி? மைதானமா, பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடமா? "உதவி தேவைப்படும் மாணவர்களுக்குத் தகுந்த உதவி அளிக்கப்படும்." யார் அளிப்பது? எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளை படிக்கிறாள். அவள் வகுப்பு அப்போது முதல் மாடியில் இருந்தது. 146 பக்கத்தில் அவளை யார் தூக்குவது என்று ஒரு வரி இல்லை.

இது எழுத்துப் பிழை பார்க்கிற விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த சுனாமியில் ஒகாவா தொடக்கப்பள்ளியின் 74 பிள்ளைகளும், ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 10 பேரும் போய்விட்டார்கள். நிலநடுக்கத்துக்கும் அலை வந்து சேர்ந்ததற்கும் இடையே சுமார் 50 நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் குன்று இருந்தது. அந்த நேரத்தில் பெரும்பகுதி எங்கே போவது என்று முடிவாகாமல் பள்ளி முற்றத்திலேயே கழிந்தது. அவர்களுடைய கையேட்டிலும் வெளியேற வேண்டிய இடம் "காலி மனை, பூங்கா முதலியன" என்ற அளவில்தான் எழுதியிருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கையேடு போதாமல் இருந்ததையும் குற்றமாக 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019இல் அந்தத் தீர்ப்பு உறுதியானது. இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதலில் பேசியவர், இது எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கிற வடிவம்தான் என்றார். நான் விடவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தது புதுத் திட்டம். 22 பக்கம், அதோடு ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் ஒட்ட ஒரே ஒரு தாள். இந்த வகுப்பு எந்தப் படிக்கட்டு, மைதானத்தில் எந்த மரத்தடி, மெயின் சுவிட்சை அணைப்பவர் யார், அவர் வராத நாளில் யார், கேட் சாவி யார் கையில். அந்தத் தாள்தான் திட்டம். மீதியைப் பீரோவில் வைத்திருக்கிறோம்.

ஒத்திகைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் ஒத்திகையில் 612 பேரும் வெளியே வர 7 நிமிடம் 40 நொடி. கூச்சல், தள்ளுமுள்ளு, ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் அழுதார்கள். அடுத்த முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதே 2011 சுனாமியில் கமாய்ஷி நகரத்தில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் இப்படித்தான் சின்னப் பிள்ளைகளைக் கைப்பிடித்து மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது ஒத்திகையில் 4 நிமிடத்துக்குள் கட்டடம் காலி. எல்லாருக்கும் சந்தோஷம்.

மைதானத்தில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் இரண்டு அட்டைகள் இருக்கும். எல்லாரும் வந்துவிட்டால் பச்சையைத் தூக்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் சிவப்பு. என் வகுப்பில் அன்று வந்திருந்தவர்கள் 31 பேர். வரிசையில் நிற்க வைத்துத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். 31. பச்சையைத் தூக்கினேன்.

பக்கத்து வகுப்பு மிஸ் சிவப்பைத் தூக்கினார். அவர் வகுப்பில் ஒரு பெண்ணைக் காணவில்லை. தேடினால் அவள் என் வரிசையில் நிற்கிறாள். என் வகுப்பில் படிக்கும் தன் இரட்டைச் சகோதரியைப் பார்த்ததும் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளைக் கூட்டிப் போனதும் அவர் பச்சையைத் தூக்கினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் கை நடுங்கியது. அவளை எடுத்துவிட்டால் என் வரிசையில் 30தான். அப்படியானால் ஒருவன் உள்ளே இருக்கிறான்.

சிக் ரூமில் இருந்தான். தலைமையாசிரியைக்கும் அவன் அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நர்ஸ் துணையோடு அவனை அங்கே உட்கார வைத்திருந்தார் பயிற்சியாளர். அவனைக் காணவில்லை என்று எனக்குத் தெரிய வந்தது மணி அடித்து 9 நிமிடம் கழித்து. அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "எண்ணிக்கை சரிதான் டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் மறுநாள் என்னிடம், "நான் வரலைன்னு உங்களுக்குத் தெரியலையா மிஸ்?" என்று கேட்டான். இப்போது எங்கள் பள்ளியில் யாரும் தலை எண்ணுவதில்லை. வருகைப் பதிவேட்டின் அன்றைய நகல் வகுப்புக் கதவின் உள்பக்கம் ஒரு கிளிப்பில் தொங்கும். வெளியே போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறோம். சிக் ரூம், கழிப்பறை, நூலகம் மூன்றையும் பார்த்துவிட்டு வர மாடிக்கு ஒருவர் இருக்கிறார். இந்த ஒரு பாடத்துக்காகவே இந்தச் சேவையை எந்தப் பள்ளிக்கும் சொல்வேன்.

வெளியேறுவது மட்டும்தான் அவசரகாலம் என்ற நினைப்பும் மாறியது. வகுப்புக்குள்ளேயே இருப்பது, வெளிக்கதவுகளைப் பூட்டுவது, அறையைப் பூட்டி விளக்கணைத்து அமைதியாக இருப்பது, வெளியேறுவது, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவது என்று ஐந்து கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். இது அமெரிக்காவில் 'ஐ லவ் யூ கைஸ் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு உருவாக்கிய முறை. பள்ளிகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். நிறுவனம் இதைத் தன்னுடையது போலச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்த விதம் நன்றாக இருந்தது. துப்பாக்கிச் சத்தம், முகமூடி என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் எதையும் செய்யவில்லை. அப்படிச் செய்யும் நிறுவனங்களைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

அவசரச் செய்தி அனுப்ப ஒரு ஆப் கொடுத்தார்கள். எங்களுக்கு அது உதவவில்லை. வகுப்பு நேரத்தில் ஆசிரியர்களின் போன் எல்லாம் ஸ்டாஃப் ரூம் டிராயரில் இருக்கும். ஒரு மதியம் மின் அறையில் இருந்து நிஜமாகவே புகை வந்தபோது எங்களைக் காப்பாற்றியது மணியும் மெகாபோனும்தான். அன்று கட்டடம் 3 நிமிடத்தில் காலியானது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டியவர் தாளில் இருந்தபடியே போய் அணைத்தார். அரை மணி நேரத்தில் வாசலில் பெற்றோர் கூட்டம். பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்று முன்பே எழுதி வாங்கிய பட்டியல், அடையாளம் பார்க்க ஒரு மேஜை, கையெழுத்து வாங்கியபின் பிள்ளையை ஒப்படைக்க வேறொரு வாசல் என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்தோம். ஒரு அப்பா, "என் பிள்ளையக் கூட்டிட்டுப் போக எனக்கே கையெழுத்தா?" என்று சத்தம் போட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டதும் அழுதுவிட்டார்.

மூன்றாவது ஒத்திகையை இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். வந்தது வேறு ஆள், எங்கள் கட்டடமே அவருக்குத் தெரியாது. அதனால் இந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சில நிபந்தனைகளை எழுதி வாங்கினோம். மூன்று ஒத்திகைக்கும் அதே பயிற்சியாளர் வர வேண்டும். அதில் ஒன்று முன்கூட்டிச் சொல்லாமல் இடைவேளை நேரத்தில் நடக்க வேண்டும், பிள்ளைகள் வகுப்பில் இல்லாத நேரம் அதுதானே. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு நடத்துபவர்களுக்கும் பயிற்சி உண்டு.

சக்கர நாற்காலியில் வரும் அந்தப் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டோம். கணினி அறை மட்டும் இன்னும் மாடியில். வாரத்தில் இரண்டு நாள் அவள் மேலே போவாள். அந்த அறைச் சுவரில் உள்ள தாளில் அவள் பெயருக்கு நேரே இரண்டு பேரின் பெயர் இருக்கிறது. அதில் ஒருவர் விடுப்பு எடுத்தால், காலை முதல் மணிக்குள் அந்த இடத்தில் பென்சிலால் இன்னொரு பெயர் எழுதியாக வேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பார்ப்பதற்குள் அவளே அந்தத் தாளின் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஆபீஸ் அண்ணன் மிஸ்" என்றாள்.