தூள் உப்பா, கல் உப்பா, சர்க்கரையா, கல்கண்டா?

‘கரைதல்’ பாடம் வந்ததும் பிள்ளைக்குச் செய்து காட்ட எல்லோரும் எடுப்பது தூள் உப்பு டப்பாவைத்தான். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமான தேர்வு அது. நீரில் விழுந்து ஒரு கலக்குக் கலக்கினால் போதும், காணாமல் போய்விடுகிறது. உற்றுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. கட்டி பிடிக்காமலிருக்கப் பாக்கெட் உப்பில் சேர்க்கும் பொருளால் சில சமயம் நீர் லேசாக மங்கியும் போகும். உப்புதான் கரையவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

கல் உப்பு மேல். மெதுவாகக் கரைவதோடு, அடியில் சிட்டிகை மண்ணையும் விட்டுவைக்கும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளப் பாத்திகளில் வெயிலில் விளையவைத்து வாருகிற உப்பு அல்லவா, மண் ஒட்டாமல் வருமா? உப்பு கரைந்தது, மண் கரையவில்லை. இதை விளக்கத் தனியாக ஒரு டம்ளர் வேண்டியதில்லை.

எவ்வளவு கரையும் என்று பார்ப்பதானால் சர்க்கரையும் வேண்டும். அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும். சர்க்கரையென்றால் சுமார் 200 கிராம், அதாவது நீரின் எடையைப்போல இரு மடங்கு! அவ்வளவையும் போட்டால் டம்ளர் வழிந்துவிடும். 25 மி.லி. நீரில் செய்யுங்கள், 9 கிராம் உப்பும் 50 கிராம் சர்க்கரையும் போதும். சூட்டின் வேலையைக் காட்டவும் சர்க்கரையே சரி. அதே 100 மி.லி. நீர் கொதிநிலைக்குப் போனாலும் கரையும் உப்பின் அளவு 39 கிராமைத் தாண்டுவது அரிது. சர்க்கரையோ 480 கிராமுக்கு மேல் போய்ப் பாகாகிவிடும். பாகு கையில் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் பிள்ளைகளோடு செய்யும்போது வெதுவெதுப்போடு நிறுத்துங்கள். கரைத்ததைத் திரும்ப எடுப்பதில் மட்டும் உப்பு ஜெயிக்கிறது: தட்டில் ஊற்றிக் காயவிட்டால் குட்டிக் குட்டிச் சதுரப் படிகங்கள் கிடைக்கும். சர்க்கரைத் தட்டில் பிசுக்கும் எறும்பும்தான்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கல்கண்டைத்தான் எடுப்பேன். ஒரே அளவில் இரண்டு கட்டிகள், இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒரு கட்டியை அடியில் போடுங்கள். மற்றொன்றை நூலில் கட்டி, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். கரண்டியைத் தொடக் கூடாது. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தால், தொங்கும் கட்டியிலிருந்து கண்ணாடி இழைபோல நெளிநெளியாகக் கோடுகள் இறங்கும். சர்க்கரை கரைந்த நீர் கனம் கூடிக் கீழே போகிறது. அந்த இடத்துக்குப் புது நீர் வந்து கட்டியைத் தொடுகிறது. அடியில் கிடக்கும் கட்டிக்கு அந்த வசதி இல்லை. தன் பாகிலேயே மூழ்கிக் கிடக்கும் அது கரைய நெடுநேரம் பிடிக்கும். எங்கள் வீட்டில் மேலே இருந்த கட்டி தேய்ந்து நூலிலிருந்து நழுவி விழுந்தபோதும், கீழே கிடந்தது முனை மழுங்கியதோடு சரி. கரண்டி போட்டுக் கலக்குவது எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.