வான்கோழி அடைகாக்கும் காட்டுக்கு எப்போது தீ வைப்பது: பிப்ரவரியிலா, மே மாதத்திலா, செப்டம்பரிலா?

அமெரிக்காவின் தென் ஜார்ஜியாவிலும் வட ஃப்ளோரிடாவிலும் பைன் காடு வைத்திருப்பவர்கள், புதரை அடக்கத் திட்டமிட்டுத் தீ வைக்கலாமா வேண்டாமா என்று இப்போது சண்டை போடுவதில்லை. அது எப்போதோ முடிந்துபோன வழக்கு. ஹெர்பர்ட் ஸ்டோடார்ட் என்ற பறவை ஆய்வாளர் 1920களில் அங்கே காடையைப் பற்றி ஆராய வந்து, தீ போகாத காட்டில் காடை தங்காது என்று சொன்னபோது வனத்துறைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு 1958இல் டாலஹாசி பக்கத்தில் டால் டிம்பர்ஸ் ஆராய்ச்சி நிலையம் வந்தது, ஒரே மண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பத்தாண்டுகள் எரித்துப் பார்த்தார்கள், வாதம் அடங்கியது. இன்றைய சண்டை மாதத்தைப் பற்றியது. அதில் அதிகம் அடிபடும் பெயர் காட்டு வான்கோழி.

காரணம் எளிது. வான்கோழி தரையில் முட்டையிடும் பறவை. அந்தப் பக்கத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பெட்டைகள் கூட்டில் இருக்கும். ஒரு கூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக இடும், அப்புறம் 28 நாள் அடை. குஞ்சு பொரித்த பிறகும் இரண்டு வாரம் அதால் சரியாகப் பறக்க முடியாது, ராத்திரியில் தாயின் இறக்கைக்கு அடியில் தரையிலேயே தூங்கும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எட்டு வாரம் ஒரு குடும்பம் முழுவதும் தரையை நம்பி இருக்கிறது. அந்த நேரத்தில் போய்த் தீ வைக்கிறாயே என்று ஒரு வேட்டைக்காரர் கோபப்பட்டால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

முதலில் குளிர்காலத் தீ, ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அங்கே பெரும்பாலான நிலக்காரர்கள் செய்வது இதுதான். குளிர்காற்று ஒன்று கடந்துபோன மறுநாள் காற்று ஒரே திசையில் நிதானமாக அடிக்கும், சருகு காய்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், பைன் மரத்தின் தலை கருகாது. எந்தக் கூட்டிலும் முட்டை இருக்காது. பாதுகாப்பும் வசதியும் என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. ஸ்வீட்கம் போன்ற அகல இலை மரக்கன்றுகளைக் குளிர்காலத் தீ மேலே மட்டும்தான் சாகடிக்கும். சத்தெல்லாம் வேரில் பத்திரமாக இருப்பதால் ஏப்ரலில் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து மறுதாம்பு கிளம்பும். இப்படியே பதினைந்து இருபது வருடம் பிப்ரவரியில் மட்டும் எரித்துவந்த காட்டுக்குள் நடந்து பாருங்கள், முழங்காலுக்கும் மேலே குச்சிக்காடாக இருக்கும், புல் ஒதுங்கிப் போயிருக்கும். இன்னொன்று, மார்ச்சில் ஒரே மூச்சில் 500 ஏக்கரைக் கொளுத்திவிட்டால் ஏப்ரலில் கூடு கட்ட இடம் தேடும் பெட்டைக்கு அங்கே மறைவே இருக்காது. முட்டை ஒன்றும் கருகவில்லைதான், ஆனால் கூட்டுக்கான இடம் போய்விட்டது. இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அடுத்தது, சண்டைக்கே காரணமான ஏப்ரல்-ஜூன் தீ. மனிதன் டிரிப் டார்ச்சை (எரியும் எண்ணெயைச் சொட்டவிட்டுத் தீ வைக்கும் கைக்கருவி) தூக்குவதற்கு முன்னாலிருந்தே இடிமின்னல் அந்தக் காட்டை எரித்துவந்த பருவம் இதுதான். வயர்கிராஸ் புல் இந்தப் பருவத்தில் எரிந்தால்தான் நன்றாகப் பூத்து விதை கட்டும். துளிர் விட்டு வேரின் சேமிப்பைச் செலவழித்து முடித்த நேரத்தில் தீ போவதால் ஸ்வீட்கம்முக்கும் அடி பலமாக விழும்.

சரி, கூடுகள்? எரியத்தான் செய்யும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தீ போய் இரண்டு மூன்று வருடமான துண்டில்தான் புதர் மறைவு நன்றாக இருக்கும், எரிப்பு முறை வருவதும் அதே துண்டுக்குத்தான். ஆனால் வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்துக் காட்டில் பெட்டைகளுக்கு ரேடியோ கட்டிப் பின்தொடர்ந்தபோது, இந்தப் பருவத்துத் தீயில் நேரடியாக அழிந்த கூடுகள் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. ஒரு வருடத்தில் காட்டின் ஒரு பங்குதான் எரிகிறது. அதோடு, மேட்டுப் பைன் காடு ஈரத் தாழ்வில் இறங்கும் அடர்ந்த விளிம்புகளைப் பெட்டைகள் விரும்பின, அங்கே தீ அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. தென்கிழக்கில் பெரும்பாலான கூடுகளைக் காலி செய்வது ரக்கூன், பாம்பு, காகம் போன்றவைதான். முட்டையிடத் தொடங்கிய நாட்களிலேயே கூடு போனால் பெட்டை பெரும்பாலும் இன்னொரு கூடு வைக்கும். அடையின் கடைசி வாரத்தில் போனால் அந்த வாய்ப்பு குறைவு. அதனால் மே நடுவில் வைக்கும் தீ ஏப்ரல் தொடக்கத்துத் தீயைவிடக் கொடியது, இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

இந்த விவாதம் முழுவதும் கூட்டையே சுற்றிச் சுற்றி வருவதுதான் எனக்கு ஆதங்கம். பொரித்த பிறகு என்ன ஆகிறது? முதல் சில வாரம் குஞ்சு தின்பது பெரும்பாலும் பூச்சிதான். எரிந்த துண்டில் சில வாரம் கழித்துக் குனிந்து பாருங்கள்: கரியை விலக்கிக்கொண்டு பச்சைப் புல் முளைத்திருக்கும், புல்லுக்கும் புல்லுக்கும் நடுவே வெறும் மண், கைப்பிடி அளவுக் குஞ்சு ஓடித் திரும்ப இடம், அதன் கண் மட்டத்திலேயே தத்துக்கிளி. தாய் தலையைத் தூக்கினால் நாலு பக்கமும் தெரியும். ஐந்து வருடம் தீ காணாத காட்டில் அதே குஞ்சு சருகிலும் கொடியிலும் சிக்கி நனைந்துபோகும். மே மாதத்துத் தீ சில கூடுகளை எடுத்துக்கொள்கிறது, மற்ற கூடுகளில் பொரித்த குஞ்சுகளுக்கு மேய்ச்சல் தருகிறது.

மூன்றாவது வழி ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். குஞ்சுகள் மரம் ஏறி அடைய ஆரம்பித்து வெகு நாளாகியிருக்கும், கூட்டுக்கவலை இல்லை, மறுதாம்பையும் ஓரளவு அடக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புல் பச்சையாக இருப்பதால் தீ திட்டுத்திட்டாகத்தான் போகும், புயல்மழைக் காலம் வேறு. காடை செப்டம்பர் வரைக்கும் கூடு வைக்கும், அப்புறம் குளிர்காலம் முழுவதும் அதற்கு மறைவு வேண்டும். காடையும் உள்ள நிலமென்றால் யோசிக்க வேண்டும். உழுது விட்டுப்போன பழைய வயல்களில் ஸ்வீட்கம் தலைக்கு மேல் போய்விட்டதென்றால் இதைத் தயங்காமல் செய்வேன்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால், என் நிலமாக இருந்தால் பெரும்பகுதியைப் பிப்ரவரி, மார்ச்சில் எரிப்பேன். புதர் மிஞ்சிப்போன துண்டுகளை மட்டும் சுற்றுக்கு ஒருமுறை ஏப்ரல் தொடக்கத்திலோ செப்டம்பரிலோ எரிப்பேன். ஆனால் மாதத்தைவிட எனக்கு முக்கியம் துண்டின் அளவும் இடைவெளியும். லூசியானாவின் கிசாச்சி தேசியக் காட்டில் பெட்டைகளைப் பின்தொடர்ந்தவர்கள், எரிந்த பரப்பின் ஓரத்திலிருந்து ரொம்ப உள்ளே அவை போவதில்லை என்று கண்டார்கள். ஆயிரம் ஏக்கரை ஒன்றாக எரித்தால் நடுப்பகுதி வான்கோழிக்கு உதவாது. 50 ஏக்கருக்குள் துண்டு போட்டு, இந்த வருடம் எரிந்ததும் போன வருடம் எரிந்ததும் அடுத்த வருடம் எரியப்போவதும் அக்கம்பக்கமாக இருக்கும்படி வைத்தால், கூடு புதரில் இருக்கும், மேய்ச்சல் பத்து நிமிட நடையில் இருக்கும்.

மே மாதத்தில் எரித்தே தீரவேண்டிய நிலை வந்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நாலு பக்கமும் வளைத்துத் தீ வைக்காதீர்கள். காற்றுக்கு எதிராக ஒரு ஓரத்தில் மட்டும் கோடு போட்டு மெதுவாக நகர விடுங்கள், நேரம் இரண்டு மடங்கு ஆனாலும் பரவாயில்லை. பறக்கத் தெரியாத குஞ்சுகளோடு ஒரு பெட்டை உள்ளே இருந்தால், நடந்து வெளியேற அதற்கு ஒரு பக்கம் திறந்திருக்கும்.