கூத்து ஆய்வுக்குச் சொட்டேரோ: சில வருடப் பழக்கத்தில் கண்டவை

மட்டக்களப்புக் கூத்துப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து, சான்றுகளைச் சேர்க்கவும் மேற்கோள் காட்டவும் சொட்டேரோ (Zotero) மென்பொருளைத்தான் வைத்திருக்கிறேன். இலவசம், இணையம் இல்லாத ஊரிலும் மடிக்கணினியில் வேலை செய்யும். நுண்கலை மாணவர்கள் எல்லோரும் முதல் வருடத்திலேயே இதைப் பழக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தமிழ்ச் சான்றுகளுக்குக் கையால் செய்ய வேண்டிய வேலை நிறையவே இருக்கிறது.

தேடலுக்கு நான் முதலில் போவது 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம். நம் ஊர் மலர்கள், சஞ்சிகைகள், விழாச் சிறப்பிதழ்கள் அங்கே கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைப்பதில்லை. விபுலாநந்தர் என்றும் விபுலானந்தர் என்றும் இரு விதமாகவும் தேடிப் பாருங்கள். வரும் பட்டியல் மாறும். பல கோப்புகள் பக்கங்களின் படங்கள்தான் என்பதால் சொட்டேரோவால் அவற்றின் உள்ளே சொல் தேட முடியாது. படிக்கும்போதே பக்க எண்ணோடு குறிப்பு எழுதிவிட வேண்டும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை நூலின் முதல் பக்கங்களைப் பார்த்து நானே நிரப்புகிறேன்.

அப்புறம் பெயர். சொட்டேரோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி தரும். அதை ஒரே பெட்டியாக மாற்றி ‘மௌனகுரு, சி.’ என்று இட்டால் அப்படியே அச்சாகும். கட்டுரையின் நடுவே மேற்கோள் காட்டும் அடைப்புக்குறிக்குள்ளும் முழுதாக வரும். நம் பக்கத்துக் கட்டுரைகளில் அது பழகிய வடிவம்தான். 1962இல் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘அலங்காரரூபன் நாடகம்’ போன்றவற்றில் ஆசிரியர் என்ற இடத்தைப் பதிப்பாசிரியர் என்று மாற்றுங்கள். கூத்துப் பிரதியை அச்சேற்றியவர் அதை ஆக்கியவராகிவிடக் கூடாது.

எனக்கு இந்த மென்பொருள் உண்மையில் கைகொடுத்தது அச்சு நூல்களுக்கு அல்ல, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கொப்பிகளுக்கு. கையெழுத்துப் பிரதி என்ற வகையில் ஒவ்வொரு கொப்பியையும் பதிகிறேன்: எந்த ஊர், வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளில் எது, யார் கைப்பட எழுதியது, எந்தக் கொப்பியைப் பார்த்துப் படியெடுத்தது, இப்போது யாரிடம் இருக்கிறது. ஓர் அண்ணாவியார் கொப்பியைத் தரும்போது, “மகள், எங்கட அப்பாட பேரும் இதில வருமா?” என்று கேட்டார். அந்தப் பிரதி அவருடைய தகப்பனார் கையெழுத்து. வரத்தான் வேண்டும்.

இதே காரணத்தால்தான் மேற்கோள் முறையைத் தெரிவு செய்வதிலும் கவனமாக இருக்கிறேன். ஏபிஏ (APA) முறையில், நாம் நேரில் பேசிப் பெற்ற, வெளியிடப்படாத தகவல் உசாத்துணைப் பட்டியலில் சேராது. தரு என்ற கூத்துப் பாட்டு ஒன்றின் தாளக்கட்டை மத்தளத்தில் அடித்துக் காட்டி விளக்கியவர் பட்டியலில் இல்லாமல், அதைக் கேட்டு எழுதியவர் மட்டும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எம்எல்ஏ (MLA) முறையில் நேர்காணலுக்குப் பட்டியலில் இடம் உண்டு. துறையில் ஏபிஏதான் வேண்டும் என்றால், நேர்காணல்களை ஊர், திகதியோடு பின்னிணைப்பாகக் கொடுக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். பேசியவரிடமும் பெயர் போடலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

குறை என்றால் சொட்டேரோ இணையத்தில் தரும் சேமிப்பு இடம்தான். இலவசக் கணக்கில் 300 மெகாபைட். விடியும்வரை ஆடும் ஒரு கூத்தின் காணொளியை அதில் நினைத்தும் பார்க்க முடியாது. நான் ஒலி, ஒளிப்பதிவுகளை வெளி வன்தட்டில் வைத்து, சொட்டேரோவில் கோப்பின் இணைப்பை மட்டும் சேர்க்கிறேன். அப்படி இணைத்த கோப்புகள் மற்றக் கணினிக்குத் தானாகப் போகாது. அதனால் அந்த வன்தட்டுக்கு இன்னொரு பிரதி கட்டாயம் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.