ரிட்டர்ன் டிக்கெட் என்று லேமினேஷன் போட்ட காகிதம்: 1,18,000 ரூபாய் போச்சு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது யூரோப் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பி இன்றோடு ஒன்பது நாள். இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நேர வித்தியாசம், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு வயிற்றெரிச்சல். 1,18,000 ரூபாய். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

கடைப் பெயரைப் போடாதே, வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறோம் என்று தம்பி சொல்லிவிட்டான். அதனால் காட்பாடிப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் படிக்கும்போதே புரியும்.

நான் அரசுப் பள்ளியில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். (ஆமாம், கணக்கு டீச்சர்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.) மகள் நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறாள். அவளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்காது, வீட்டுக்காரருக்கு முட்டி வலி, ஊர் ஊராக ரயில் மாறி நாங்களே சுற்றுவதெல்லாம் நடக்காத காரியம். அதனால் கைடு, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்த குரூப் டூர் என்று முடிவு பண்ணினோம். பாரிஸில் ஆரம்பித்து பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், பிளாக் ஃபாரஸ்ட், ஸ்விட்சர்லாந்து, இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ஃபுளோரன்ஸ், பீசா என்று போய் ரோமில் முடியும், 13 நாள். ட்வின் ஷேரிங்கில், அதாவது இரண்டு பேருக்கு ஒரு அறை என்ற கணக்கில், ஆளுக்கு 2,35,000. சென்னையிலிருந்து பாரிஸ், ரோமிலிருந்து சென்னை விமானமும் அதில் அடக்கம். டூரை நடத்துவது சென்னையில் இருக்கும் பெரிய கம்பெனி, இந்த மாடிக் கடை அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட்.

தம்பி ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான், இத்தாலிக்காரர்களோடு தினமும் பேசுகிறவன். நேராகச் சென்னைக்கே போய்க் கட்டு அக்கா என்றான். நான்தான் கேட்கவில்லை. பக்கத்துக் கடை என்றால் ஏதாவது ஒன்று ஆனால் நேரில் போய்க் கேட்கலாமே என்றேன். இப்போது நேரில் போய்த்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காப்பி மட்டும் கொடுக்கிறார்கள்.

முதல் நாள் அந்தக் கடைக்குப் போனபோது முன்னால் இருந்த பெண் ஒரு ஃபாரம் கொடுத்தாள். பெயர், வயது, தொழில், எங்கே வேலை பார்த்தீர்கள் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்கும், நல்ல சட்டை போட்ட ஒரு பையன், என்னைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து நின்றான். "டீச்சர், என்னைத் தெரியலையா? டென்த் பி செக்‌ஷன் டீச்சர். நீங்க கணக்குல தூக்கிவிடலன்னா நான் இன்னிக்கு இங்க உக்கார்ந்திருக்க மாட்டேன்." நான் உட்கார்ந்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான். முகம் சத்தியமாக ஞாபகம் வரவில்லை. 31 வருஷத்தில் எத்தனை முகம். தெருவில் யாராவது டீச்சர் என்று நின்றால் பெயர் தெரியாவிட்டாலும் நல்லா இருக்கியாப்பா என்று கேட்டுவிடுவேன், தெரியவில்லை என்று சொன்னால் பிள்ளை மனசு கஷ்டப்படும். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு விலை 1,18,000 ரூபாய்.

விஷயம் என்னவென்றால், டூர் ரோமில் முடிகிறது, மகள் இருப்பது நெதர்லாந்தில். டூர் முடிந்து அவள் வீட்டில் ஆறு நாள் இருந்துவிட்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஊர் திரும்ப வேண்டும். குரூப் டிக்கெட் போக வரச் சேர்த்துத்தான், ரோமில் ஏறாவிட்டால் பணம் திரும்ப வராது டீச்சர் என்றான். சரி என்றோம். ரோமிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஆளுக்கு 12,000, ஆம்ஸ்டர்டாமிலிருந்து சென்னைக்கு ஆளுக்கு 59,000, எல்லாம் நானே போட்டுத் தருகிறேன் என்றான். டூர் பணத்தைக் கம்பெனி பெயருக்குச் செக்காகக் கொடுத்தேன், ஜிஎஸ்டி, டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கிற வருமான வரி) எல்லாம் போட்டு ஒழுங்காக பில் வந்தது. இந்த 1,42,000-ஐ மட்டும் அவனுடைய ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னான். கம்பெனி அக்கவுண்டில் போட்டால் இதற்கும் 5 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்களாம், டீச்சருக்கு எதற்கு வீண் செலவு என்றானே, அந்த அக்கறை! ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் இரண்டு நாளாகப் போட்டேன். வெறும் விமான டிக்கெட்டுக்கு டிசிஎஸ்ஸே கிடையாதம்மா என்று ஆடிட்டர் போன வாரம் சொல்கிறார். அப்போது யாரைக் கேட்டேன் நான்.

அன்று சாயந்திரமே வாட்ஸப்பில் பிடிஎஃப் வந்தது. எங்கள் இரண்டு பேர் பெயர், தேதி, ஆறு எழுத்தில் பிஎன்ஆர் என்கிற புக்கிங் நம்பர், கன்ஃபர்ம்டு என்று பச்சையில். விமானக் கம்பெனி இணையதளத்தில் அந்தப் பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தேன், பெயர் வந்தது. வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "டிக்கெட் நம்பர்னு போட்டு வெறும் கோடு இருக்குதே, இன்னா இது?" என்றார். போன் போட்டுக் கேட்டேன். "அது ஏர்போர்ட்ல ஜெனரேட் ஆகும் டீச்சர். இன்னா டீச்சர், என்னையே நம்ப மாட்டீங்களா?" என்றான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்காரரை ஒரு அதட்டு அதட்டினேன். அவர் பாவம், அந்தக் காகிதம் கசங்கக் கூடாது என்று சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார்.

விசா விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். அதிக நாள் தங்குவது நெதர்லாந்தில் என்பதால் அந்த நாட்டுக்கே போட்டார்கள், 30,000 யூரோவுக்கான இன்சூரன்ஸ், ஆளுக்கு 90 யூரோ கட்டணம், எல்லாம் சரியாக நடந்தது. ஜூலை முதல் வாரத்தில் விசா வந்தது. சந்தோஷத்தில் ஆற்காட்டிலிருந்து ஒரு கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். காலில் விழுந்தான்.

டூரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஈஃபில் கோபுரம் உச்சி வரை என்று சொல்லிவிட்டு இரண்டாம் தளத்தோடு இறக்கிவிட்டது, ஹோட்டல் எல்லாம் ஊருக்கு வெளியே இருந்தது, எல்லாம் அடக்கம் என்றவர்கள் இத்தாலியில் ஹோட்டலுக்கு ஹோட்டல் சிட்டி டாக்ஸ் என்று கையில் வாங்கியது, இதெல்லாம் கல்யாண வீட்டுக் குறை மாதிரி, விட்டுவிடலாம். ஸ்விட்சர்லாந்தில் டிட்லிஸ் மலைக்குப் போகும் சுற்றுகிற கேபிள் காரில் ஏறியபோது வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கொலோன் தாண்டி பஸ்ஸில் போகும்போது பின் சீட்டில் குடியாத்தத்துக்காரர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் அதே கடையில் கட்டியவர்தான், பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தப் பையன் நம்ம டிபார்ட்மெண்ட் குடும்பம்மா, அவங்க சித்தப்பா எங்கூட லைன்மேனா இருந்தாராம், எனக்குத்தான் ஞாபகம் இல்ல." அவரும் ஃபாரம் எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்போதே அடிவயிற்றில் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ரோமிலிருந்து ஆம்ஸ்டர்டாம் டிக்கெட் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை செய்தது, அதனால் நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். கவுண்டரில் இருந்த பெண் பிஎன்ஆரை மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் டிக்கெட் நம்பர் என்ன என்று கேட்டாள். வீட்டுக்காரர் பெருமையாக அந்த லேமினேஷன் அட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கோடு இருந்த இடத்தை நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள். டிக், டிக் என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. இது டிக்கெட் இல்லை, புக்கிங் மட்டும்தான், பணம் கட்டாததால் ஜூலையிலேயே தானாகக் கேன்சல் ஆகிவிட்டது என்றாள். ஜூலை 9. நான் மக்கன் பேடா கொடுத்த வாரம்.

விசாவில் இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. அந்த விமானத்தில் இடமும் இல்லை. மருமகன் ஒரு வார்த்தை பேசாமல் போனை எடுத்து, ஒன்பது மணி நேரம் கழித்துக் கிளம்புகிற வேறொரு விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டார். 1,640 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடவில்லை. மருமகன் கார்டில் ஊர் திரும்புகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டான் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே அவனுக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். பன்னிரண்டாவது தடவை எடுத்தான். "சிஸ்டத்துல கன்ஃபர்ம்னுதான் டீச்சர் காட்டுது, அந்தப் பொண்ணுக்குப் பார்க்கத் தெரியல." அரை மணி கழித்து, நீங்கள் லேட்டாகப் போயிருப்பீர்கள், ஆள் வரவில்லை என்று நோ-ஷோ போட்டுவிட்டார்கள் என்றான். அதற்கப்புறம் பெயரில் ஸ்பெல்லிங் தப்பு என்றான். ஊருக்கு வந்த மறுநாள் கடைக்குப் போனேன், சார் திருப்பதி போயிருக்கிறார் என்றாள் அந்தப் பெண். அடுத்த நாள் சென்னை. அதற்கு அடுத்த நாள் ரீஃபண்ட் போட்டாயிற்று, 21 வேலை நாளில் வரும் என்று மெசேஜ். வாங்காத டிக்கெட்டுக்கு எப்படியப்பா ரீஃபண்ட் என்று கேட்டேன், கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினான். அதோடு சரி, நீலக் கோடு மட்டும் விழுகிறது. கடை முதலாளி, அது அவர் தனிப்பட்ட முறையில் வாங்கியதும்மா, எங்கள் பில்லில் இல்லையே என்கிறார். சென்னைக் கம்பெனியில் கேட்டால், உங்களுக்கு ரோமிலிருந்து சீட் இருந்ததே மேடம், நீங்கள்தான் ஏறவில்லை என்கிறார்கள். சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் பண்ணினேன், புகாரைப் பதிவு செய்தார்கள். ஸ்டேஷனில், தெரிந்த பையன்தானே டீச்சர், பேசி முடித்துக்கொள்ளுங்களேன் என்றார்கள். தெரிந்த பையனா? பழைய ஸ்கூலில் கிளார்க்கைப் பிடித்து அவன் சொன்ன வருஷத்து பி செக்‌ஷன் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெயரே இல்லை.

நடந்தது இதுதான். விசாவுக்கு ரிட்டர்ன் புக்கிங் காட்ட வேண்டும். அதற்காக ஏஜெண்டுகள் பணம் கட்டாமல் சீட்டை ஹோல்டில் வைத்து ஒரு காகிதம் எடுப்பார்கள், டம்மி டிக்கெட் என்பார்கள். அதற்குப் பிஎன்ஆர் இருக்கும், கன்ஃபர்ம்டு என்றுகூடக் காட்டும். விசா வந்ததும் பணம் கட்டி நிஜ டிக்கெட்டாக மாற்ற வேண்டும். இவன் மாற்றவில்லை, பணத்தை வைத்துக்கொண்டான். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைக் கேலி பண்ணுவார்களே, அந்த வரிசையில் டிக்கெட் இல்லாத ரிட்டர்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கமாகப் பத்து டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் 13 இலக்க டிக்கெட் நம்பர் இருக்கிறதா பாருங்கள், பிஎன்ஆர் மட்டும் இருந்தால் அது டிக்கெட் இல்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் விமானக் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேளுங்கள். டூர் முடிகிற ஊரில் இல்லாமல் வேறு ஊரிலிருந்து திரும்புவதாக இருந்தால், டூர் கம்பெனியிடம் டீவியேஷன் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். டிக்கெட் அடிப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் கொஞ்சம் பணம் கட்டி ரிட்டர்னை ஆம்ஸ்டர்டாமுக்கே மாற்றியிருக்கலாமே என்று டூர் மேனேஜர் ரோமில் வைத்துச் சொன்னார், எனக்கு அந்த வார்த்தையே அங்கேதான் தெரியும். இல்லையென்றால் டூரை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, சென்னை–பாரிஸ் போகவும் ஆம்ஸ்டர்டாம்–சென்னை வரவும் மல்டி சிட்டி என்று ஒரே டிக்கெட்டாக நீங்களே போடுங்கள். யாருடைய சொந்த ஜிபேயிலும் போடாதீர்கள். ஃபாரத்தில் வேலை பார்த்த இடத்தை எழுதாதீர்கள்.

நுகர்வோர் உதவி நம்பர் 1915-இலும் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்று வக்கீல் சொன்னார், அடுத்த வாரம் போடுகிறோம். அந்த லேமினேஷன் அட்டையைத் தூக்கிப் போடாதே, அதுதான் சாட்சி என்றார். அலமாரியில் பாஸ்புக்கோடு வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் மறுபடியும் அந்த மாடி ஏறப் போகிறேன், தம்பியும் கூட வருகிறான்.